முகப்பூச்சும் சுர்மாவும்: கடைக்காரருக்கு ஒரு பாடம்



துணி வியாபாரத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நூலின் முறுக்கையும் சாயத்தின் அழுத்தத்தையும் நம் விரல்களே அறிந்து சொல்லும். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயர் மலாய் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று கைலிக்கே பெயராகி, இன்றும் அப்பெயராலேயே அது விற்கப்பட்டு வருகிறது. ஓர் ஊரின் பெயர் சரக்கின் பெயராகவே நிலைத்துவிடுவது சிறிய காரியமல்ல.

ஆனால் மோஸ்தர் என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. கைலியும் சேலையும் அடுக்கியிருந்த அலமாரிகளில் இன்று முகப்பூச்சு, உதட்டுச் சாயம், சுர்மா, மருதாணிக் கூம்பு, அத்தர்ச் சீசா ஆகியவையும் இடம் பிடித்துக்கொண்டன. வாடிக்கைக்காரர் விரும்பிக் கேட்பதை வாங்கி வைப்பது வணிகரின் கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. மட்டமான துணியை விற்றால் வாங்கியவரின் பணம் போகும். மட்டமான முகப்பூச்சை விற்றாலோ அவருடைய சிறுநீரகமே கெடக்கூடும். துணியின் குற்றத்தை விரல் கண்டுபிடித்துவிடும். பூச்சின் குற்றத்தைக் கண்ணும் காணாது, மூக்கும் அறியாது. ஆகவே இச்சரக்கை விற்பதற்கு வேறு வகையான அறிவு வேண்டும். அதைப் பற்றியதே இப்பாடம்.

1. திரும்பி வரும் வாடிக்கைக்காரர்

வாங்கியவர் மறுபடியும் வந்தால் சரக்கு நல்லது என்பது நம் தொழிலின் பழைய அளவுகோல். அரிசிக்கும் துணிக்கும் மசாலாவுக்கும் அது சரியாகவே பொருந்தும். முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளுக்கு மட்டும் அது பொருந்துவதில்லை.

அஞ்சடியில் இருக்கும் கடையொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பெண்மணி வந்து, "அண்ணே, போன மாசம் கொடுத்தீங்களே, அந்த டப்பா இன்னும் ரெண்டு வேணும். அதைப் போடாவிட்டால் முகமெல்லாம் எரியுது" என்கிறார். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. சரக்கு நன்றாகப் போகிறது என்று எண்ணி மேலும் ஒரு டஜன் எடுத்து வைக்கிறார்.

அப்பெண்மணி சொன்ன வார்த்தையைச் சற்று நிதானித்துக் கேட்டிருக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான சில பூச்சுகளில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கலந்துவிடுகிறார்கள். முதலில் சில நாட்களில் பரு அடங்கும், முகம் தெளியும், நிறமும் மங்கும். பிறகு தோல் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கும். பூச்சை நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பருவும் முன்னைவிட அதிகமாக வந்து சேரும். அதற்கு அஞ்சியே அவர் மீண்டும் வாங்க வருகிறார். அவர் திரும்பி வருவது சரக்கின் நற்சாட்சி அல்ல. சரக்கு உண்டாக்கிய நோயின் அடையாளம். மற்ற சரக்குகளில் நாம் நம்பியிருக்கும் அளவுகோலே இங்கு நம்மை ஏமாற்றிவிடுகிறது என்பதை முதற்கண் மனத்தில் இருத்திக்கொள்வோமாக.

2. பாதரசம்

ஸ்டீராய்டைக் காட்டிலும் கொடியது பாதரசம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். பாதரச உப்புக்கள் அப்பொருள் உண்டாவதைத் தடுப்பதால் தோல் வெளுக்கிறது. ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை, உடலுக்குள் ஊறிச் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, நரம்புகளையும் தாக்குகிறது. பூச்சிலிருந்து எழும் ஆவியாலும், துவாலை, தலையணை உறை வழியாகவும் அதே வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது சென்று சேர்கிறது. டப்பா வாங்கியவர் ஒருவர், துன்பப்படுவோர் பலர்.

பாதரசத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய ஊர் ஜப்பானிலுள்ள மினமாட்டா. தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, அக்கடலின் மீனை உண்டவர்கள் நரம்பு நோயால் வதைந்தது 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே பாதரசத்தைப் பற்றிய உலக உடன்படிக்கை 2013-இல் நிறைவேறி, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களைச் செய்வதையும் நாடு விட்டு நாடு அனுப்புவதையும் 2020-உடன் நிறுத்த வேண்டும் என்று அது விதித்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், அந்த அளவு வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025-க்குப் பின் கூடாது என்று முடிவு செய்தன.

கடைக்காரர் கண்ணால் பார்த்து அறியக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. சேர்மானப் பட்டியலில் மெர்க்குரி, கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு என்ற சொற்கள் இருந்தால் அச்சரக்கைத் தொடவேண்டாம். "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பயன்படுத்துக" என்ற எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். பாதரசம் உலோக நகைகளைக் கெடுக்கும் என்பதாலேயே அவ்வாறு அச்சிடுகிறார்கள். சேர்மானப் பட்டியலே இல்லாத டப்பா, செய்தவரின் முகவரி இல்லாத டப்பா, "ஏழு நாளில் வெளுப்பு" என்று வாக்குறுதி தரும் டப்பா ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

3. சுர்மா

சுர்மாவை நம் பெரியவர்கள் காலங்காலமாக இட்டு வந்திருக்கிறார்கள். ஆதலால் அதில் தீங்கிருக்கும் என்று சொன்னால் நம் மனம் எளிதில் ஒப்புவதில்லை. ஆயினும் உண்மையை அறிந்துகொள்வது அவசியம். கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் பளபளப்பான கறுப்புக் கல் பல வேளைகளில் கலீனா என்னும் ஈயத் தாது. அதை அரைத்த தூளில் பெரும்பகுதி ஈயமே. வீட்டில் விளக்குக் கரியில் கூட்டும் மை வேறு. கல்லை அரைத்த இந்தச் சுர்மா வேறு.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைத்துக்கொள்ளும், அவ்வளவு போதும். ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி அழகுப் பொருளில் ஈயத்தைச் சேர்மானமாகக் கலக்கக்கூடாது. அசுத்தமாகத் தங்கியிருக்கும் ஈயமும் பத்து லட்சத்தில் இருபது பங்கைத் தாண்டக்கூடாது. ஆகவே சுர்மா விற்க விரும்புகிறவர்கள், ஈயம் இல்லை என்ற சோதனைச் சான்றிதழை விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகம் சான்றிதழ் ஆகாது.

4. மருதாணியும் அத்தரும்

பெருநாள் நெருங்கும்போது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் சிங்கப்பூர் கேலாங் சிராயிலும் மருதாணி விற்பனை மும்முரமாக நடக்கும். மருதாணி இலை தரும் நிறம் ஆரஞ்சிலிருந்து கருஞ்சிவப்பு வரைதான். அதுவும் சில மணி நேரம் ஊறி, மறுநாள்தான் நன்கு ஏறும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைமுடிச் சாயத்துக்குரிய பி.பி.டி. என்னும் இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அது தோலில் நேரடியாகப் பட்டால் கொப்புளம் எழலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பின்னாளில் முடிச் சாயமும் ஆகாமற் போகலாம். சிவப்பாகப் பிடிக்கும் மருதாணியே மருதாணி என்று வாடிக்கைக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அத்தரில் ஆபத்தைவிடக் கலப்படமே அதிகம். வட இந்தியாவில் கன்னோஜி என்னும் ஊரில் செப்புப் பானையில் ரோஜா இதழ்களை நீருடன் காய்ச்சி, அந்த ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் செலுத்தி, சந்தனத் தைலத்தில் படிய வைப்பது பழைய முறை. சந்தன விலை ஏறியபின் பலர் அத்தைலத்துக்குப் பதிலாகத் திரவப் பாரபின் எண்ணெயை வைத்துக்கொண்டார்கள். பாரபினில் செய்த வாசனையைக் குறைந்த விலைக்குப் பாரபின் என்றே சொல்லி விற்றால் குற்றமில்லை. சந்தன அத்தர் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. அகில் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மலாய் மக்கள் 'காஹாரு' என்று அழைக்கும் அம்மரத்தின் மலாக்கா இனம் 1995-இலும், அதே பேரினத்து மற்ற மரங்கள் 2004-ஆம் ஆண்டு மாநாட்டின் முடிவாலும் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அகிற்கட்டையையோ தைலத்தையோ வணிகத்துக்காக நாடு கடத்தி அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும்.

5. சட்டமும் கணக்கும்

ஆசியான் நாடுகள் 2003-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 2008 ஜனவரி முதல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அழகுப் பொருள்களை விற்பனைக்கு விடுமுன் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மலேசியாவில் தேசிய மருந்துப் பொருள் ஒழுங்குமுறை நிறுவனமும், சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையமும் இதைக் கவனிக்கின்றன. மலேசியாவில் அறிவிக்கப்பட்ட பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்தவுடன் திருப்தி அடைந்துவிடக்கூடாது. அது அறிவிப்பு எண்ணே ஒழிய, அரசாங்கம் ஒவ்வொரு டப்பாவையும் சோதித்துத் தந்த நற்சான்று அல்ல. பாதரசமோ ஸ்டீராய்டோ பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு ரத்தான பொருள்கள் பல. ஆகையால் நிறுவனத்தின் இணையப் பதிவில் எண்ணையும் பொருளின் பெயரையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, நம்மில் பலருக்கு நேரும் சோதனையைப் பார்ப்போம். ஒருவர் பையுடன் கடைக்கு வந்து, "முதலாளி, வெளியே முப்பது வெள்ளிக்குப் போகிற சரக்கு. ரெண்டு டஜன் எடுத்தால் உங்களுக்குப் பன்னிரண்டு வெள்ளி. பில் மட்டும் கேட்காதீங்க" என்கிறார். "பில் இல்லாத சரக்குக்கு என் அலமாரியில் இடம் இல்லை தம்பி" என்று சொல்லி அனுப்புவதே தக்க மறுமொழி. பில் இல்லையென்றால் நாளை பொறுப்பேற்க அவர் இருக்கமாட்டார். நாம் மட்டுமே இருப்போம்.

முன்பே வாங்கி வைத்துவிட்டவர் என்ன செய்வது? இருபத்துநான்கு டப்பா, பன்னிரண்டு வெள்ளி வீதம் இருநூற்று எண்பத்தெட்டு வெள்ளி நட்டம். சிறு கடைக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் மலேசியாவில் இவ்விதிகளை மீறும் தனி ஒருவருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்; கம்பெனி என்றால் 50,000 வெள்ளி வரை அபராதம். கையிருப்பு தீரும்வரை விற்றுவிடுவோம் என்று எண்ணுவதும், விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவதும், இன்னொரு கடைக்காரர் தலையில் கட்டுவதும் கூடாது. சாக்கடையில் கொட்டவும் கூடாது. பாதரசம் நீரில் சேரும். டப்பாக்களைக் கட்டித் தனியே வைத்து, அதிகாரிகளிடம் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படைக்க வேண்டும். முன்பு வாங்கிச் சென்றவர்களில் முகம் தெரிந்தவர்களிடம், "அதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்று நாம் கொடுக்கும் பணம் நட்டக் கணக்கில் ஏறலாம். அந்த வீட்டார் நம் கடையை மறக்கமாட்டார்கள்.

பயிற்சி வினாக்கள்

கடைச் சிப்பந்திகளைக் கூட்டி வைத்து இவ்வாரமே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: நம் அலமாரியிலுள்ள முகப்பூச்சுகளில் சேர்மானப் பட்டியல் இல்லாதவை எத்தனை?

இரண்டு: நகையில் படக்கூடாது என்ற எச்சரிக்கை எந்தப் பெட்டியில் இருக்கிறது? அது எதைக் காட்டுகிறது?

மூன்று: ஒரே பூச்சை மாதந்தோறும் கேட்டு வருபவரிடம் நாம் என்ன விசாரிக்க வேண்டும்?

நான்கு: நாம் விற்கும் சுர்மாவுக்குச் சோதனைச் சான்றிதழ் உண்டா?

ஐந்து: நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தயங்கும் சரக்கு நம் கடையில் எது?

ஐந்தாம் வினாவுக்கு விடையாக எந்தப் பொருள் வந்தாலும், அதை அன்றே அலமாரியிலிருந்து இறக்கிவிடுங்கள்.