பித்தளைத் தகட்டை மடிக்கும் முன்

ஜெர்மனியின் பான்சர் 4 டாங்கிக்கு 1943 முதல் இரு பக்கமும் கூடுதல் காப்புத் தகடுகள் மாட்டினார்கள். அவற்றின் தடிமன் 5 மி.மீ. 1/35 மாடலில் அது 0.14 மி.மீ. தான். கிட்டில் வரும் பிளாஸ்டிக் தகடு அதைவிடப் பல மடங்கு தடித்திருக்கும். போட்டோ எட்ச் பித்தளையில்தான் அவ்வளவு மெல்லிய தகடு கிடைக்கும்.

போட்டோ எட்ச் முறையில், பித்தளைத் தகட்டில் ஒளியுணர் பூச்சு பூசி, பாகங்களின் வடிவத்தை ஒளியால் பதித்து, வேண்டாத உலோகத்தை ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலால் அரித்தெடுக்கிறார்கள். மடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஏறத்தாழப் பாதி ஆழத்துக்கு அரித்த கோடு இருக்கும். அந்தக் கோட்டை ஒரு முறைதான் நம்பி மடிக்கலாம். நிமிர்த்தி மறுபடி மடித்தால் முறியும். ஆகவே யோசிப்பது, அளப்பது, அராவுவது எல்லாம் மடிப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

1. தொகுப்போடு வரும் செய்முறைப் படத்தைப் படியுங்கள். எந்தக் கோடு, எந்தப் பக்கம், எந்த வரிசை என்று முதலில் தீர்மானியுங்கள். பெரும்பாலும் கோடு மடிப்பின் உட்புறம் வரும். படம் வேறு மாதிரி காட்டினால் அதன்படியே செய்யுங்கள்.

2. வெட்டுங்கள். பீங்கான் டைல் போன்ற கெட்டியான பரப்பில் வைத்து, வளைந்த முனைக் கத்தியால் நேராக அழுத்தி வெட்டுங்கள். மெத்தென்ற வெட்டுப் பலகை தகட்டை வளைத்துவிடும். பாகத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் தெறித்துக் காணாமல் போகாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்காதீர்கள்.

3. அராவுங்கள். வெட்டிய இடத்தில் நிற்கும் முனையைத் தட்டை இடுக்கியால் பிடித்து, நுண் அரத்தால் விளிம்பின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் பாகம் வளையும்.

4. உருட்ட வேண்டியதை மட்டும் இளக்குங்கள். வளைவாக வரவேண்டிய பித்தளைப் பாகத்தை நிறம் மாறும்வரை சுடரில் காட்டி, ஆறவிடுங்கள். பிறகு மவுஸ் பேடின் மேல் வைத்து டிரில் பிட்டின் வழவழப்பான தண்டால் உருட்டுங்கள். தட்டையாக நிற்க வேண்டிய பாகத்தைச் சூடாக்க வேண்டாம். அதன் விறைப்பு போய்விடும்.

5. மடியுங்கள். கோட்டை ஒட்டி ஓர் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடியுங்கள். மறுபக்கத்தின் அடியில் அகலமான பிளேடை நுழைத்து, முழு நீளத்தையும் ஒரே சீராகத் தூக்குங்கள். பெட்டி வடிவமானால் பிளேடு நுழைய இடம் இருக்கும்போதே உள்மடிப்புகளை முடித்துவிடுங்கள்.

6. ஒட்டுங்கள். பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் சிமென்ட் உலோகத்தில் பிடிக்காது. சூப்பர் க்ளூ வேண்டும். இடம் சரிசெய்ய அவகாசம் தேவைப்பட்டால் ஜெல் வகை நல்லது. கம்பி முனையில் ஒரு பொட்டு எடுத்தாலே போதும். வழிந்ததை அசிட்டோனால் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும். பித்தளையோடு பித்தளை சேரும் இடத்தில் ஃப்ளக்ஸ் தடவிச் சால்டர் செய்தால் இணைப்பு இன்னும் உறுதி.

7. பிரைமர் அடியுங்கள். விரல் எண்ணெய் படிந்த உலோகத்தில் பெயின்ட் உரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோகத்துக்கான பிரைமரை மெல்லிய பூச்சாக அடித்த பிறகே வண்ணத்துக்குப் போங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொகுப்பில் உள்ள அத்தனை பாகங்களையும் பயன்படுத்த வேண்டியதில்லை. பான்தர் டாங்கியின் எஞ்சின் வலைகள் போன்ற தட்டையான பாகங்களில் ஆரம்பியுங்கள். அடுத்து ஒற்றை மடிப்பு; கை பழகிய பின் பெட்டிகள். பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே நன்றாக வந்திருக்கும் பாகத்தை அப்படியே விட்டுவிடலாம். மெல்லிய விளிம்பு வெளியே தெரியும் இடத்தில்தான் பித்தளைக்கு வேலை.