இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் நோக்குளிசை வாங்கும்போது

ஊரில் தலையிடி, முதுகுநோ என்றால் கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போடுவது எங்கள் வழக்கம். இங்கே ஓல்டனிலும் பல நோக்குளிசைகளை வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கலாம். "துண்டில்லாமல் தருகினம்தானே, பயமில்லை" என்று நினைக்காதேங்கோ. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு ஒரு சாதாரண குளிசையே ஆபத்தாக முடியலாம்.

யார் கவனிக்க வேண்டும்?

இதய வால்வு மாற்றியவர்கள், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள் இந்த மருந்தை எடுப்பார்கள். ஊரில் பெரும்பாலும் வார்ஃபரின் கொடுப்பார்கள். இங்கே மார்கூமார், சாரெல்டோ, எலிக்விஸ் போன்ற பெயர்களில் வரும். ஊர்க் குளிசையையும் இங்கத்தைய குளிசையையும் சேர்த்துப் போடவே கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை வைத்தியரிடம் காட்டுங்கோ.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் ஆகிய மூன்றும்தான் முக்கியம். ஊரில் டிஸ்பிரின் என்பதும் ஆஸ்பிரின்தான். இங்கே அல்ஜிஃபோர் என்பது இபுப்ரோஃபென், வோல்டாரென் என்பது டைக்லோஃபெனாக். இவை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரத்தம் உறைவதையும் குறைக்கும். அதோடு உங்கள் மருந்தும் சேர்ந்தால், உள்ளே வரும் இரத்தக்கசிவு இலகுவில் நிற்காது. பெட்டியில் பெரிதாக உள்ள பெயரை மட்டும் பார்க்காமல், கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் பாருங்கோ.

வைத்தியரே உங்களுக்கு இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் அப்படித்தான்.

அப்போ நோவுக்கு என்ன எடுக்கலாம்?

பொதுவாகப் பரசிற்றமோல். ஊரில் பனடோல், இங்கே டஃபால்கான். பெட்டியில் எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மதுபானம் கூடக் குடிப்பவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கோ. மார்கூமார் எடுப்பவர்கள் சில நாட்கள் தொடர்ந்து டஃபால்கான் எடுத்தால் இரத்தம் உறையும் அளவு மாறலாம். அதனால் வைத்தியருக்குச் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். தடிமனுக்குக் குடிக்கும் நியோசிட்ரானிலும் பரசிற்றமோல் உண்டு. இரண்டையும் சேர்த்து எடுக்காதேங்கோ. நோவுக்குப் பூசும் தைலம், மூலிகை மருந்து என்றாலும் கேட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது?

"அப்போதெக்க" என்று எழுதிய கடைக்குப் போங்கோ. உங்கள் மருந்துப் பெட்டியைக் காட்டி இப்படிச் சொல்லுங்கோ:

"இக் நேம ப்ளூட்ஃபெர்டுன்னர்." (நான் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறேன்.)
"டார்ஃப் இக் டாஸ் நேமன்?" (இதை நான் எடுக்கலாமோ?)

பாஷை தெரியாவிட்டால் இந்த வரிகளைக் காட்டினாலும் போதும். ஒரே முகாமில் இருப்பவர் அன்போடு தரும் குளிசையையும் கேட்காமல் போடாதேங்கோ.

உடனே உதவி தேட வேண்டியவை

மலம் தார்போல் கறுப்பாகப் போதல், சத்தியில் அல்லது சலத்தில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், திடீரென வரும் கடும் தலையிடி, கைகால் விறைப்பு. தலை அடிபட விழுந்தால் காயம் தெரியாவிட்டாலும் பொறுத்திருக்க வேண்டாம். 144க்கு அழையுங்கோ. போய்ச் சேர முடியுமென்றால் ஓல்டன் கன்டோன்ஸ்பிட்டால் அவசரப் பிரிவுக்குப் போகலாம். பிழையான குளிசை எடுத்துவிட்டால், ஒரு வருத்தமும் தெரியாவிட்டாலும், 145இல் நஞ்சுத் தகவல் நிலையத்தைக் கேட்கலாம்.

எடுக்கும் மருந்துகளின் பெயர்களை ஒரு துண்டில் எழுதி எப்போதும் பையில் வைத்திருங்கோ. நீங்கள் பேச முடியாத நேரத்தில் அந்தத் துண்டு உங்களுக்காகப் பேசும்.