இந்த நாளிதழே சோதனைத் தாள்: லென்ஸின் தரத்தை நாமே அறிவோம்

மாணவர்களே, சிலாங்கூர் மாநிலக் கடலோரத்தில், லங்காட் ஆற்றைக் கடந்தால் வருவது கேரி தீவு. பாலத்தைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம்தான். அத்தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். மரத்தில் முகமூடி செதுக்குவதிலும் அதை அணிந்து ஆடுவதிலும் பெயர் பெற்றவர்கள் இவர்கள்.

உங்கள் பள்ளி ஒளிப்படக் கழகம் அந்த நடனத்தைப் படமெடுக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். கூரையின் நிழலில் வெளிச்சம் குறைவு, ஆடுபவர்களோ நிற்கமாட்டார்கள். '24-70 மி.மீ., f/2.8' என்று பொறித்த பழைய லென்ஸ் ஒன்று விற்பனைக்கு வருகிறது. விலை சில ஆயிரம் வெள்ளி. எல்லாரும் சேர்த்த பணம் அது. வாங்கலாமா? விற்பவரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. படிவம் 4 இயற்பியலில் படிக்கும் ஒளியியலே விடை சொல்லும்.

எண்கள் சொல்வது என்ன?

24-70 என்பது குவியத் தூரம். 36 x 24 மி.மீ. அளவுள்ள முழுச் சட்ட உணரியில், 24 மி.மீ. ஏறத்தாழ 84 பாகைக் காட்சியைப் பிடிக்கும், 70 மி.மீ. 34 பாகையைப் பிடிக்கும். முன்னதில் ஆட்டக்காரர் எல்லாரும் அடங்குவர். பின்னதில் ஒரு முகமூடி மட்டும் சட்டத்தை நிரப்பும். இப்படிக் குவியத் தூரத்தை மாற்றும் லென்ஸ் ஒளிப்படக் கேமராவுக்கு வந்தது 1959-இல். அதன் பெயர் ஃபோக்ட்லாண்டர் ஸூமார், 36-82 மி.மீ., f/2.8.

f எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 70 மி.மீ.-இல் f/2.8 என்றால் விட்டம் 70 ÷ 2.8 = 25 மி.மீ. அதுவே f/5.6 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும், ஒளியும் கால்பங்குதான். சாதாரண லென்ஸ்கள் பல, முழுதாக நீட்டும்போது f/5.6-க்குக் குறைந்துவிடும்.

இதனால் என்ன இழப்பு? f/2.8-இல் 1/125 வினாடியில் எடுக்கும் படத்திற்கு, f/5.6-இல் ஏறத்தாழ 1/30 வினாடி தேவை. ஆடுபவரின் கை வினாடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால், 1/125 வினாடியில் 8 மி.மீ. நகரும், 1/30 வினாடியில் 33 மி.மீ. நகரும். படத்தில் கை இருக்காது, புகைதான் இருக்கும். இந்த வேறுபாட்டிற்காகத்தான் தொழில்முறைக் கலைஞர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

சோதனை 1: கூர்மை

இந்த நாளிதழின் ஐந்து தாள்களைச் சுவரில் ஒட்டுங்கள். 1.5 x 1 மீட்டர் செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒவ்வொன்று. கேமராவை முக்காலியில் வைத்து, 24 மி.மீ.-க்கு 1 மீட்டர் தூரத்திலும், 70 மி.மீ.-க்கு ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்திலும் நிறுத்துங்கள். வடிவொத்த முக்கோண விதிப்படி இரண்டிலும் ஒரே பரப்பு பதிவாகும்.

கேமரா சுவருக்கு நேராக இருக்க வேண்டும். நடுத்தாளின் மேல் சிறு கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் தெரிந்தால் சரி.

இனி 2 வினாடித் தாமதம் வைத்து, f/2.8, 4, 5.6, 8, 11, 16 என ஆறு படங்கள் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி எழுத்துகளைப் படியுங்கள். f/2.8-இல் மூலைகள் சற்று மங்குவது இயல்பு. துளையைச் சுருக்கினால் தெளியும். ஆனால் ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மோசமாக இருந்தால் கவனம்! மீண்டும் எடுத்தும் அப்படியே இருந்தால் உள்ளே ஏதோ கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம். லென்ஸ் கீழே விழுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

f/16-இல் படம் முழுதும் மீண்டும் மென்மையாவதைக் காண்பீர்கள். இது லென்ஸின் குறையன்று. சிறு துளையில் புகும் ஒளியலை பரவும். இதுவே விளிம்பு விளைவு. ஒரு புள்ளி, 2.44 x அலைநீளம் x f எண் என்ற விட்டமுள்ள வட்டமாகப் பதியும். பச்சை ஒளிக்கு (0.55 மைக்ரோமீட்டர்) f/2.8-இல் அது ஏறத்தாழ 3.8 மைக்ரோமீட்டர், f/16-இல் 21 மைக்ரோமீட்டர். 24 மெகாபிக்சல் முழுச் சட்ட உணரியின் ஒரு படப்புள்ளி 6 மைக்ரோமீட்டர்தான். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த விதியைத் தாண்ட முடியாது.

சோதனை 2: தோட்டத்தில்

வெளுத்த வானத்தின் முன் தெரியும் செம்பனை ஓலைகளைப் படத்தின் ஓரத்தில் வைத்து எடுங்கள். ஓலை விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு தெரிகிறதா? கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் விலக்குவதால் வரும் நிறப்பிறழ்ச்சி அது. நல்ல லென்ஸில் அது மிகக் குறைவு.

அடுத்து, கட்டடத்தின் நேரான கூரை விளிம்பைப் படத்தின் மேலோரத்தில் வையுங்கள். 24 மி.மீ.-இல் கோடு பீப்பாய் போல வெளிப்பக்கம் வளையலாம், 70 மி.மீ.-இல் உட்பக்கம் வளையலாம். சிறு வளைவைக் கணினியில் திருத்தலாம். நிறப்பிறழ்ச்சியையும் ஓரளவு திருத்தலாம். மங்கலான மூலையை அப்படி மீட்க முடியாது.

சோதனை 3: பூஞ்சை

நம் நாட்டின் ஈரக்காற்றில் இதை மறக்கவே கூடாது. துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து கைவிளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் பூச்சையே அது அரித்துவிடும். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். தூசித் துகள் இரண்டொன்று இருந்தால் கவலையில்லை. வாங்கிய லென்ஸை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய பெட்டியில் வையுங்கள்.

முடிவைச் சோதனைக்குப் பின்னரே எழுதுங்கள். நான்கு மூலைகளும் ஒத்திருந்து, பூஞ்சையும் இல்லையென்றால் விலை பேசலாம். கேரி தீவுக்குப் போனதும், படமெடுக்கும் முன் ஆடுபவர்களிடம் அனுமதி கேளுங்கள். அதற்கு எந்த லென்ஸும் உதவாது. நாம்தான் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள்: 70 மி.மீ.-இல் f/4 லென்ஸின் துளை விட்டம் என்ன? f/2.8-ஐவிட எவ்வளவு ஒளி குறையும்?

விடை: 17.5 மி.மீ.; ஏறத்தாழப் பாதி.