குன்னூர் காட்டேஜ்: அதே வாடகை, ஆனா ரெண்டு ஜிஎஸ்டி!

லாங் வீக்கெண்ட் வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஊட்டி, குன்னூர் பேச்சு ஆரம்பிச்சிடும். புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க. ஆறு பேர், ரெண்டு ராத்திரி.

வழி 1: முழு காட்டேஜ், நாளுக்கு ₹12,000. வாடகை ₹24,000 + ஜிஎஸ்டி 18% (₹4,320) = ₹28,320. தலைக்கு ₹4,720.

வழி 2: மூணு ரூம், ஒவ்வொண்ணும் நாளுக்கு ₹4,000. வாடகை ₹24,000 + ஜிஎஸ்டி 5% (₹1,200) = ₹25,200. தலைக்கு ₹4,200.

ஏன் இந்த வித்தியாசம்? 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு யூனிட்டின் ஒரு நாள் வாடகை ₹7,500 வரை இருந்தால் 5%, தாண்டினால் 18%. எத்தனை பேர் தங்குறீங்கன்னு வரி பார்க்காது. முழு காட்டேஜையும் ஒரே யூனிட்டா எடுத்தா, மொத்த வாடகைதான் கணக்கு.

அதுக்காக, முழு காட்டேஜை எடுத்துட்டு "பில்லை மட்டும் மூணா போடுங்க"ன்னு கேட்காதீங்க. அது தப்பு. தனித்தனி ரூமா விடுற இடத்தைத் தேடுங்க.

பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பாருங்க. தமிழ்நாட்டு எண் 33-ல ஆரம்பிக்கும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. வண்டிக்கு எடுக்கிற நீலகிரி இ-பாஸ் இலவசம். அதுக்கும் பணம் கொடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இப்படி ஒரு ட்ரிப்புக்கு எல்லாருக்கும் நான்தான் கார்டு தேய்ச்சேன். ரெண்டு பேர் பங்கு வந்து சேர மூணு மாசம் ஆச்சு. கார்டு பில்லோட கடைசி தேதி காத்திருக்கல. வட்டி என் தலையில. கேட்கவும் சங்கடம். அதனால தலைக்கு ₹4,200 யுபிஐ-ல வந்த பிறகு புக் பண்ணுங்க. பணமும் மிஞ்சும், நட்பும் மிஞ்சும்.