செக்ரோலில் பேர் இருக்கும்போதே



வேலையிலிருந்து நிற்கப் போகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது சேமலாபப் பணத்தைப் பற்றித்தான். வைத்தியத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆகவே இம்முறை அதைப் பார்ப்போம்.

கொழுந்து எடுத்து இளைப்பாறிய ஒரு அம்மா எங்களிடம் வந்தார். கண்ணில் புரை. பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளியில் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். "நம்பிக்கை நிதியில காசு குடுப்பாங்களாமே ஐயா?" என்று கேட்டார். கொடுப்பார்கள்தான், ஆனால் வேலையில் இருக்கும் அங்கத்தவருக்கு. அம்மாவின் பேர் வெட்டி நான்கு மாதமாகியிருந்தது. கண் மங்கத் தொடங்கியதோ இரண்டு வருடத்துக்கு முன்! "நின்ன பொறகு பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஊழியர் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டாமல், தோட்டமே 3 வீதம் கட்டுகிறது. நிற்கும்போது கையில் கிடைக்கும் ஒரு தொகை என்றே பலரும் இதை நினைக்கிறோம். கண் லென்ஸ், இருதய ஒப்பரேசன், சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கும் இதில் உதவி உண்டு. தொகையும் நிபந்தனையும் காலத்துக்குக் காலம் மாறும். அதனால் தோட்டத்து ஒப்பீசில் கேட்டு, வேலையில் இருக்கும்போதே விண்ணப்பம் போடுங்கள். சேமலாப நிதியிலும் 2015 முதல் ஒரு வழி இருக்கிறது. 10 வருடம் பணம் கட்டப்பட்டு, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா இருந்தால், வைத்தியத்துக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். ஆனால் வயசான காலத்துக் காசு அது. கலியாணச் செலவுக்கு வைத்தியம் என்று பேர் வைக்காதீர்கள்!

பிரஷர், சீனி வியாதி உள்ளவர்கள் தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நின்ற பிறகு அங்கே எப்படிக் கவனிப்பார்கள் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இலவசம். இப்போதே போய்க் கிளினிக் கொப்பி எடுத்து வையுங்கள்.

சேவைக்காலப் பணமும் மருந்துச் செலவுக்குக் கை கொடுக்கும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் உழைத்தவருக்கு 420 நாள் சம்பளம் வரும். நின்று 30 நாளுக்குள் தோட்டம் அதைக் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம்.

இன்னொன்று, பேர் வித்தியாசம். அடையாள அட்டையில் ராமாயி, செக்ரோலில் ராமாயம்மா, சேமலாப அட்டையில் வேறொன்று. இதனாலேயே மாதக்கணக்காக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நிற்பதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் ஸ்கூல் போகும் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். எழுத்துப் பிசகு இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, ஒப்பீசில் ஒரு பிரதி கொடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.