ஒற்றும் ஒளிவும்

முன்னுரை

அரசு என்று ஒன்று தோன்றிய நாள் முதல் ஒற்றும் உண்டு. திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அது பொருட்பாலில் அமைந்த 59ஆம் அதிகாரம். ஒற்று வேண்டும் என்று சொன்ன அவரே, ஓர் ஒற்றன் கொண்டுவரும் செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் விதித்தார். அதிகாரத்தின் கண்ணும் பிழைபடும் என்பதை அவர் அறிந்திருந்தார். சரிபாராத ஐயம் என்ன செய்யும் என்பதற்குப் புறநானூற்றிலேயே சான்று உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான். கோவூர்கிழார் இடைநின்று பாடி அவரைக் காத்தார். அந்த இடையீட்டாளர் இன்று யார் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

தந்திச் சட்டம் தந்த அதிகாரம்

ஆங்கிலேயர் ஆட்சி 1885இல் இந்தியத் தந்திச் சட்டத்தையும், 1923இல் அரசாங்க இரகசியச் சட்டத்தையும் இயற்றியது. குடிமக்களின் செய்தியை அரசு அறியலாம் என்றது முன்னது. அரசின் செய்தியைக் குடிமக்கள் அறியலாகாது என்றது பின்னது. விடுதலைக்குப் பின்னும் இவ்விரண்டும் தொடர்ந்தன. 1986இல் அஞ்சல்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தராமலேயே வைத்திருந்தார். அம்மசோதா இறுதிவரை சட்டமாகவில்லை.

தொலைபேசி ஒட்டுக்கேட்பைப் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறைகள் வகுத்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் நிலை இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம். ஆணையை உள்துறைச் செயலாளர் பிறப்பிக்க வேண்டும். அது இரண்டு மாதமே செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. மறுஆய்வுக் குழு ஒன்று ஆணையைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் அக்குழுவில் இருப்போரும் அரசின் செயலாளர்களே என்பது இங்குக் கருதத்தக்கது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதிலும் இவ்வதிகாரம் 20ஆம் பிரிவில் நிலைபெற்றுள்ளது.

தமிழகம் தந்த இரு தீர்ப்புகள்

இத்துறையில் நம் மாநிலத்திலிருந்து எழுந்த வழக்குகள் இரண்டு சிறப்பிடம் பெறுகின்றன.

முதலாவது, 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நக்கீரன் வழக்கு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடலாகாது என்று சிறைத்துறை அதிகாரிகள் தடுத்தனர். நீதிமன்றம் இரண்டு செய்திகளைத் தெளிவாக்கியது. தன்னைத் தனித்திருக்க விடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஆனால் தம் அலுவல்முறைச் செயல்களைப் பற்றிய எழுத்தை அந்தரங்கத்தின் பெயரால் அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க இயலாது. அந்தரங்கம் ஆளுக்கு உரியது, பதவிக்கு உரியதன்று என்று இதைச் சுருக்கலாம்.

இரண்டாவது, 2025 ஜூலை 2ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு. இலஞ்ச வழக்கு ஒன்றின் புலனாய்வுக்காக ஒருவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையை அவர் இரத்து செய்தார். இரகசியமாகக் குற்றம் துப்பறிவது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்பது ஒரு காரணம். கேட்டவற்றை விதிப்படி மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பது மற்றொன்று. இலஞ்சம் கொடியதே. எனினும் சட்டம் தராத அதிகாரத்தை நல்ல நோக்கம் தந்துவிடாது என்பது இத்தீர்ப்பின் சாரம்.

மின்னணுக் காலத்தின் கண்

தந்தியைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. இன்றைய கருவிக்கு ஆளும் வேண்டா, உறக்கமும் இல்லை. தமிழகக் காவல்துறை 2021இல் முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதத்தில் அத்தளத்திற்குள் அயலார் நுழைந்த செய்தி வெளியாயிற்று. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. காவலரின் கண்ணைக் கள்வரும் கடன் வாங்கலாம் என்பதை நாம் இதனால் அறிகிறோம்.

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். அதில் அரசு தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். முறையான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு நோக்கத்தின் அளவை மிஞ்சக் கூடாது.

இவ்வளவுகோலை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். அண்ணாமலையைச் சுற்றிய கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் இலட்சக்கணக்கானோர் அடி அண்ணாமலை வழியே நடக்கின்றனர். நெரிசலைத் தடுக்கவும், காணாமற்போன குழந்தையைத் தேடவும், திருடனைப் பிடிக்கவும் கேமரா உதவும். நோக்கம் முறையானதே. ஆனால் அப்படங்கள் எத்தனை நாள் வைக்கப்படும்? யார் பார்க்கலாம்? முகத்தை அறியும் மென்பொருளோடு அவற்றை இணைக்கலாமா? முகமறியும் கருவிக்கென நாடாளுமன்றம் தனிச்சட்டம் எதுவும் இயற்றவில்லை. குழந்தையைத் தேடும் கேமராவே, யார் யாரோடு நடந்தார் என்பதையும் சொல்லிவிடும். நோக்கம் எங்கே முடிகிறது என்று எழுதிவைக்காத இடத்தில் அளவு என்பதே இராது.

மறைப்பும் நம்பிக்கையும்

அரசுக்கு இரகசியமே கூடாது என்பது பேதைமை. படை நகர்வையும் துப்பறியும் வழியையும் பறையறைந்து சொல்ல இயலாது. ஆயினும் விதிகளை மறைக்க வேண்டிய தேவை இல்லை. 2021இல் எழுந்த பெகாசஸ் ஐயத்தை எண்ணிப் பார்க்கலாம். அந்த உளவு மென்பொருளைப் பயன்படுத்தியதுண்டா என்னும் கேள்விக்கு மத்திய அரசு உண்டு என்றோ இல்லை என்றோ நேரே விடை தரவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததென்றும், அது பெகாசஸ் என்று உறுதியாகவில்லை என்றும் 2022இல் தெரிவித்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு கூறியது. உண்மை எதுவாயினும், விடையில்லாத இடத்தில் ஐயமே குடியேறும்.

இதற்கு மருந்தைத் தமிழகம் முன்பே கண்டது. 1997இல் தகவல் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நம்முடையதே. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் விடை தர வேண்டும். உளவு அமைப்புகளுக்கு விலக்கு உண்டெனினும், ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய செய்திகளுக்கு அவ்விலக்கு பொருந்தாது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்கு தர வழிசெய்ததோடு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவையும் மாற்றி எழுதியது. தனிநபர் பற்றிய தகவல் என்ற காரணம் இனி முன்னிலும் எளிதாக மறுப்புக்கு உதவும். பொதுநலன் கருதித் தரலாம் என்னும் 8(2) பிரிவு மட்டும் எஞ்சியுள்ளது.

முடிவுரை

இளந்தத்தனைக் காக்க ஒரு புலவர் இருந்தார். இன்று அவ்விடத்தில் நீதிமன்றமும், தகவல் ஆணையமும், கேள்வி கேட்கும் குடிமக்களும் நிற்கின்றனர். முதல் இரண்டும் தாமே அசைவதில்லை; மூன்றாமவர் தட்டினால்தான் திறக்கும். கிரிவலப் பாதையின் படங்கள் எத்தனை நாள் காக்கப்படுகின்றன, அவற்றைப் பார்க்கும் அதிகாரம் எந்தப் பதவிக்கு உண்டு, எந்த ஆணையின்படி என மூன்று வினாக்களை ஒரு தாளில் எழுதிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப மாணவராலும் இயலும். அத்தகைய வினாவுக்கு விடை தரும் அரசை மக்கள் நம்புவர். அந்த நம்பிக்கையே கேமராவினும் வலிய காவல் எனலாம்.