சிறுமுதலும் பெருங்கலையும்

காஞ்சிப் பட்டின் சிறப்பு நூலின் விலையால் மட்டும் அமைவதன்று. நெய்வாரின் கைத்திறத்தாலும் பொறுமையாலும் அமைவதாகும். இவ்வுண்மை திரைப்படக் கலைக்கும் பொருந்தும். பெரும்பொருள் இன்றி நல்ல படம் எடுத்தல் இயலாது என்பார் கூற்றைப் பொய்யாக்கியவர் வங்கத்துச் சத்தியஜித் ராய் ஆவார்.

அவர் கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயர் இயற்றிய ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் புதினத்தைப் படமாக்க விழைந்தார். தாம் கருதிய காட்சிகளை ஓவியங்களாகத் தீட்டிப் படமுதலாளிகளிடம் காட்டினார். பொருள் தர ஒருவரும் முன்வந்திலர். ராய் மனம் தளர்ந்தாரல்லர். தம் ஆயுள் காப்பீட்டின்மீது கடன் பெற்று, 1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பணியைத் தொடங்கினார்.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியறியாத இளைஞர். வீடமைக்கப் பொருளில்லை, கல்கத்தாவை அடுத்த போரால் என்னும் சிற்றூரில் இருந்த பாழ்வீடே கதை மாந்தரின் இல்லமாயிற்று.

இடையூறுகள் பல நேர்ந்தன. நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் படம் பிடித்தனர். அடுத்த வாரம் சென்றபோது, பூக்கள் அனைத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் அவை பூக்கும் பருவம் வரையில் காத்திருந்தனர். மிட்டாய்க்காரராக நடித்தவர் இடையில் இறந்தார். அவரைப் போன்ற உடற்கட்டுடைய வேறொருவரை முதுகுப்புறமாகக் காட்டி, ராய் அக்காட்சியை நிறைவு செய்தார்.

கைப்பொருள் தீர்ந்தது, மனைவியின் நகைகளும் அடகு சென்றன, பணி நெடுநாள் நின்றது. அதற்குள் சிறுவன் அப்புவின் குரல் மாறியிருப்பின், சிறுமி துர்க்கா வளர்ந்திருப்பின், முதுமையுற்ற சுனிபாலா தேவியார் மறைந்திருப்பின், பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். நல்வினைப் பயனாக அவற்றுள் ஒன்றும் நிகழவில்லை. இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. படத்தின் பெயர் ‘பாதையின் பாட்டு’ எனப் பொருள்படுவதால், அத்தொகை சாலைச் செலவின்கீழ் எழுதப்பட்டது என்பர்.

1955ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம், மறு ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. தமிழகத்திலும் எழுத்தாளர் ஜெயகாந்தன், சேரி மக்களின் வாழ்வைக் கூறும் தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ என்னும் புதினத்தைத் தாமே இயக்கிச் சிறுசெலவில் படமாக்கினார். 1965இல் வெளிவந்த அதுவும் தேசிய விருது பெற்றது.

பொருட்குறை கலைஞனுக்குத் துன்பமே. அதனை இன்பமென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், இல்லாததை எண்ணி ஏங்காது, இருப்பதைக் கூர்ந்து நோக்கிப் பயன்கொள்ளும் அறிவும், காலம் கனியும்வரை காத்திருக்கும் உறுதியும் உடையார் எடுத்த வினையை முடிப்பர்.